துருவம் சென்ற பொதிகள்

பூவுலகின் தென்கோடியில் அண்டார்க்டிகா என்னும் பனிக்கண்டம் உள்ளது. அங்கே ஊரில்லை; அங்காடியில்லை; அடுப்பெரிக்க ஒரு மரமும் இல்லை. கரையோரத்தில் கடல்நாய்களும் பெங்குயின் பறவைகளும் உண்டு. உள்நாட்டிலோ அவையும் இல்லை. ஆதலின் அங்குச் சென்று ஆராய விரும்புவோர், தையல் ஊசி முதல் தங்கும் வீடு வரை அனைத்தையும் தம் நாட்டிலிருந்தே கப்பலேற்றிக் கொண்டு செல்லல் வேண்டும். மறந்துவிட்ட பொருளை ஆளனுப்பி வாங்கி வருதல் இயலாது. கோடைக்காலத்துச் சில திங்களில்தான் கப்பல் கரையை அணுக முடியும். முற்காலத்தில் அக்கப்பல் திரும்பிவிட்டால், மறு கோடை வரும்வரை மற்றொரு கப்பலைக் காண்டல் அரிதாயிருந்தது.

போகும்பொழுது இவ்வாறெனின், மீளும்பொழுது நேரும் இடர் வேறு வகையினது. அங்கே தேடிப்பெற்ற கல்லும் முட்டையும் பனிக்கட்டியுமே ஆராய்ச்சியின் ஊதியம். அவை உடையாமலும் உருகாமலும் ஊர் வந்து சேர்ந்தாலன்றிப் பட்ட பாடெல்லாம் வீணாகும். துருவத்தில் கொடி நாட்டியவர் பெயரை உலகம் மறப்பதில்லை. பெட்டிகளுக்கு எண்ணிட்டு அடுக்கியவர் பெயரைக் கேட்பாரும் இலர். அத்தகைய ஒருவரைப் பற்றி முதலில் அறிவோம்.

1910ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் 'டெரா நோவா' என்னும் கப்பல் பிரித்தானியாவின் கார்டிப் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. அஃது 1884இல் திமிங்கில வேட்டைக்கெனக் கட்டப்பட்ட மரக்கப்பல். பாயாலும் நீராவியாலும் செல்லுவது. இராபர்ட் பால்கன் ஸ்காட் என்னும் கடற்படைத் தலைவரின் தென்துருவக் குழுவினரை அது சுமந்து சென்றது. அக்குழுவில் சரக்குகளுக்குப் பொறுப்பேற்றவர் ஹென்றி பவர்ஸ் என்பார். அவர் நம் இந்திய அரசின் கடற்பணியில் இருந்தவர். ஐராவதி ஆற்றிலும் பாரசீக வளைகுடாவிலும் பணிபுரிந்தவர். குள்ளமான உடலும் நீண்ட மூக்கும் உடையவராதலின் தோழர்கள் அவரைச் 'சிறுபறவை' எனப் பொருள்படும் செல்லப் பெயரால் அழைத்தனர். கப்பலில் சரக்கேற்றத் தொடங்கிய நாளிலேயே அவர் கால் தவறி, மேல்தட்டின் திறப்பு வழியே அடித்தட்டில் விழுந்தார். இரும்புப் பாளங்களின்மேல் விழுந்தும், ஒன்றும் நேராதவர்போல் எழுந்து வேலையைத் தொடர்ந்தார். கப்பலோடு திரும்பிவிட வேண்டியவர் என்றுதான் ஸ்காட் முதலில் அவரை எண்ணியிருந்தார். அவருடைய திறத்தைக் கண்டபின் கரையில் தங்கும் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

நியூசிலாந்து நாட்டு லிட்டல்டன் துறைமுகத்தில் ஏறத்தாழ ஒரு திங்கள் கப்பல் தங்கியது. அங்கே பவர்ஸ் செய்த வேலை நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அவர் சரக்கு முழுவதையும் கரைக்கு இறக்கச் செய்தார். ஒவ்வொரு பெட்டியையும் பார்த்துப் புதிதாகப் பட்டியல் எழுதினார். இரண்டு இடங்களில் தங்கவிருந்த இரண்டு குழுவினர்க்கும் உரிய பெட்டிகளை வெவ்வேறு நிறப்பட்டை தீட்டிப் பிரித்தார். பிறகே மீண்டும் ஏற்றினார். பொருள்களை ஏற்றும் முறை ஏறக்குறையத் தலைகீழானது. முதலில் வேண்டுவது இறுதியில் ஏறல் வேண்டும். இறுதியில் வேண்டுவது அடியிற் கிடக்கலாம். பனிக்கரையில் இறங்கியவுடன் வீடு கட்டும் பலகை வேண்டும். அது மாவு மூட்டைகளுக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டால், ஆட்கள் குளிரில் விறைத்து நிற்க நேரும். எந்தப் பெட்டி எந்த மூலையில் உள்ளது என்பது பவர்ஸின் மனத்தில் எழுதி வைத்தாற்போல் இருந்ததாம்.

வீடும் ஒரு பொதியே. ஐம்பதடி நீளமும் இருபத்தைந்தடி அகலமும் உடைய மரவீடு அது. துறைமுகத்தருகே ஒரு வெற்றிடத்தில் அதனை முழுமையாகக் கட்டிப் பார்த்தனர். பின் ஒவ்வோர் உறுப்பிற்கும் எண்ணிட்டுப் பிரித்துக் கட்டினர். குளிர் புகாதவாறு சுவர்ப்பலகைகளினிடையே வைத்தற்குக் கடற்பாசியைத் திணித்துத் தைத்த மெத்தைகளும் உடன் சென்றன.

இனிக் கப்பலின் நிலையைக் காண்போம். 460 டன்னுக்கு மேல் நிலக்கரி; 162 ஆட்டிறைச்சி உடல்கள்; 19 மட்டக் குதிரைகள்; 33 நாய்கள்; பெட்ரோலால் ஓடும் இயந்திரச் சறுக்கு வண்டிகள் மூன்று. இறைச்சி வைக்கும் பனியறையின் மேல்தளத்தில் திசைகாட்டியை நிறுவினர். இரும்பின் ஈர்ப்பு அங்கே குறைவு என்பதே காரணம். அடித்தட்டுகள் நிரம்பிவிட்டமையால் நிலக்கரி மூட்டைகளும் பெட்ரோல் பெட்டிகளும் மேல்தட்டிலேயே கட்டப்பட்டன. குதிரைக் கொட்டில் மாலுமிகள் உண்ணும் அறைக்கு நேர்மேலே அமைந்தது. பலகை இடுக்கின் வழியே ஒழுகியது இன்னதென்று நான் எழுத வேண்டுவதில்லை. அது தம் உணவு மேசையில் சொட்டியபோதும் மாலுமிகள் குறை கூறினாரல்லர்.

1910 நவம்பர் இறுதியில் கப்பல் தெற்கு நோக்கிச் சென்றது. டிசம்பர் முதல் நாள் கடும்புயல் எழுந்தது. மலைபோன்ற அலைகள் மேல்தட்டில் ஏறின. கட்டவிழ்ந்த நிலக்கரி மூட்டைகள் இடிகட்டைகளைப்போல் மோதிப் பெட்ரோல் பெட்டிகளின் கட்டுகளையும் அறுத்தன. வேறு வழியின்றி மூட்டைகளைக் கடலில் எறிந்தனர். அதனினும் பெரிய கேடு அடியில் நேர்ந்தது. பலகை வழியே உதிர்ந்த நிலக்கரித் தூள் இயந்திர எண்ணெயோடு கலந்து உருண்டை உருண்டையாகத் திரண்டு, நீரிறைக்கும் குழாய்களை அடைத்துக்கொண்டது. நீர் ஏறிக் கொதிகலனின் நெருப்பை அணைக்கும் நிலை வந்தது. குழாயின் அடிவாயைத் துப்புரவு செய்யலாம் எனினோ, அதற்குரிய வழி மேல்தட்டில் இருந்தது. அதனைத் திறந்தால் அலை உள்ளே பாய்ந்து கப்பலை மூழ்கடித்துவிடும்.

அறிஞரும் அலுவலரும் மாலுமியும் என்ற வேறுபாடின்றி ஏணியில் வரிசையாக நின்று, வாளி வாளியாக நீரைக் கைமாற்றி வெளியே கொட்டினர். பாடிக்கொண்டே இறைத்தனராம். அதேவேளையில் இயந்திர அறையின் தடுப்புச் சுவரைத் துளைத்தனர். அத்துளை வழியே ஊர்ந்து சென்று, நீரில் மூழ்கிக் கிடந்த குழாய்வாயை அடைத்த உருண்டைகளைக் கையால் எடுத்தெறிந்தவர்களுள் பவர்ஸும் ஒருவர். நீர் பீறிட்டு வெளியேறியது, கப்பல் பிழைத்தது. இரண்டு குதிரைகளும் ஒரு நாயும் மாண்டன. பத்து டன் நிலக்கரியும், 65 காலன் பெட்ரோலும், உயிர்ப்பொருள்களைக் கெடாது வைத்தற்குரிய சாராயப் பெட்டி ஒன்றும் கடலுக்கு இரையாயின. பொதியின் ஓரத்தில் உதிர்ந்த சிறு தூள், கப்பலில் இருந்த அத்தனை உயிர்களுக்கும் உலை வைக்கப் பார்த்தது!

1911 ஜனவரி 4ஆம் நாள் எவன்ஸ் முனை என்னும் இடத்தை அடைந்தனர். அங்கே துறைமேடை ஏது? கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஒரு மைலுக்கு மேல் கடல் உறைந்து கிடந்தது, அப்பனிப்பரப்பே மேடை. ஆட்களும் நாய்களும் குதிரைகளும் சரக்கை இழுத்துச் சென்றனர். ஜனவரி 8ஆம் நாள் மூன்றாவது இயந்திர வண்டியைக் கப்பலினின்று இறக்கினர். பனி கரைந்து மெலிந்திருந்த இடத்தில் அதனை இழுத்தபோது, அது துளைத்துக்கொண்டு கடலுள் ஆழ்ந்தது. ஆயிரம் பவுன் விலையுள்ள பொறி. பல்லாயிரம் மைல் கடந்து பழுதின்றி வந்த பொறி. கரை காணும் தொலைவில் தொலைந்தது. புயலில் போகாதது அமைதியான காலைப்பொழுதில் போயிற்று.

கட்டும் முறையிலுள்ள சிறு குறை எத்துணைப் பெரிய துன்பத்திற்கு வித்தாகும் என்பதற்கு மண்ணெண்ணெய் டப்பாக்கள் சான்றாகும். துருவத்திற்குச் செல்லும் வழிநெடுகிலும், மீளும்போது பயன்படுமாறு உணவும் எண்ணெயும் புதைத்து வைத்தனர். பனியை உருக்கினாலன்றிக் குடிநீர் இல்லை. எண்ணெய் இன்றேல் பனி உருகாது. ஆதலின் எண்ணெய் குறைந்தால் விடாயும் குளிரும் ஒருங்கே வருத்தும். டப்பாக்களின் மூடியில் தோல் வளையங்கள் பொருத்தப்பட்டிருந்தன. கடுங்குளிரில் தோல் இறுகிச் சுருங்கியது. எண்ணெய் ஆவியாயும் கசிந்தும் வெளியேறியது. 1912இல் துருவத்தினின்று மீண்ட ஸ்காட்டும் தோழரும் டப்பாக்களைத் தோண்டி எடுத்தபோது, மூடி திறவாதிருந்தும் எண்ணெய் குறைந்திருக்கக் கண்டனர். அவர்க்கு முன்னரே துருவத்தை அடைந்த நார்வே நாட்டு அமுண்ட்சன் தம் டப்பாக்களை ஈயம் வைத்துப் பற்றடைத்திருந்தார்.

எல்லாப் பொதியும் இவ்வாறு ஏமாற்றியதில்லை. ஸ்காட் குழுவில் ஒரு பிரிவினர் தங்கிய அடேர் முனைக் குடிசையில், 2017ஆம் ஆண்டு ஒரு பழக் கேக்கைக் கண்டெடுத்தனர். தாளிற் சுற்றித் தகரப் பெட்டியில் அடைத்த கேக்கு அது. பெட்டி துருப்பிடித்திருந்தது, உள்ளிருந்த பண்டமோ நூறாண்டு கடந்தும் உண்ணத்தக்க தோற்றத்தோடு விளங்கிற்று. எண்ணெய் டப்பாவுக்கு இந்தப் பேறு வாய்த்திருக்கலாகாதா!

இனி மீண்ட பொருள்களைப் பற்றிக் கூறுவேன். 1911ஆம் ஆண்டு ஜூன் திங்கள் இறுதி. தென்துருவப் பகுதியில் அது பகலவனே தோன்றாத நடுக்குளிர்காலம். வில்சன் என்னும் மருத்துவரும் பவர்ஸும் செர்ரி-காரார்டு என்னும் இளைஞரும் இருளில் அறுபது மைலுக்கு மேல் வண்டியிழுத்துக் குரோசியர் முனைக்குச் சென்றனர். பேரரசப் பெங்குயின் குளிர்காலத்தில்தான் முட்டையிடும். கருவுள்ள முட்டையைப் பெற அப்பொழுது செல்வதைத் தவிர வேறு வழியில்லை. பறவையினம் ஊர்வனவற்றினின்று தோன்றிய வரலாற்றை அக்கரு காட்டும் என்பது அக்காலத்து அறிஞர் கருத்து. குளிர் பாரன்ஹீட் அளவில் சுழிக்குக் கீழ் 77 பாகை வரை சென்றது. வியர்வையும் மூச்சும் உறைந்து உடை தகடுபோல் விறைத்தது.

ஐந்து முட்டைகள் கிடைத்தன. வைக்கோலும் பஞ்சும் இல்லாத இடத்தில் எதில் வைத்துக் காப்பது? மென்மயிர்க் கையுறைகளுள் இட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டனர். இருட்டில் இடறி விழுந்ததில் செர்ரி-காரார்டிடம் இருந்த இரண்டும் உடைந்தன. மூன்று எஞ்சின. அதன்பின் சூறாவளி அவர்களுடைய கூடாரத்தைத் தூக்கிச் சென்றது. அதனைத் திரும்பக் கண்டிராவிடின் மூவரும் அங்கேயே மடிந்திருப்பர். ஐந்து வாரங்கழித்து ஆகஸ்டு முதல் நாள் அம்மூன்று முட்டைகளோடு தங்குமிடம் சேர்ந்தனர்.

1913இல் செர்ரி-காரார்டு அவற்றை இலண்டன் இயற்கைப்பொருட் காட்சிச்சாலைக்குத் தாமே எடுத்துச் சென்றார். அவரை வரவேற்பார் ஒருவரும் இல்லை. முட்டைகளை வாங்கிக்கொண்டவர் நன்றியும் கூறவில்லை. 'பெற்றுக்கொண்டோம் என்று ஒரு சீட்டு எழுதித் தருக' என்று கேட்டு அவர் நடைவழியில் நெடுநேரம் காத்திருந்ததாகத் தம் நூலில் எழுதியுள்ளார். உடன் வந்த இருவரும் அதற்குள் துருவப் பயணத்தில் மாண்டுவிட்டனர். அவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கொணர்ந்த பொருளுக்கு ஒரு துண்டுச் சீட்டு மிகையா? முட்டைகளைப் பற்றிய ஆய்வுரை 1934இல்தான் முற்றிலும் வெளிவந்தது. அதற்குள் பழைய கருத்தே மாறிவிட்டமையால் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. ஆயினும் முட்டையோடுகள் இன்றும் அக்காட்சிச்சாலையில் உள்ளன.

கற்களின் கதை வேறு. 1912 பிப்ரவரி 8ஆம் நாள், துருவத்தினின்று மீண்டு வருகையில் பியர்ட்மோர் பனியாற்றின் அருகே பக்லி மலையடியில் ஸ்காட் தங்கினார். பசியும் சோர்வும் வாட்டிய அந்நிலையிலும் வில்சன் பாறைகளை ஆராய்ந்து, இலைத்தடம் பதிந்த கற்களைப் பொறுக்கினார். மொத்தம் 35 இராத்தல், அஃதாவது 16 கிலோகிராம். வண்டியில் கிடந்த வேறு பல பொருள்களை அவர்கள் வழியில் விட்டனர், கற்களை விடவில்லை. ஐவருள் இருவர் வழியில் மாண்டனர். எஞ்சிய ஸ்காட்டும் வில்சனும் பவர்ஸும் மார்ச்சுத் திங்கள் இறுதியில், உணவுக் கிடங்கிற்குப் பதினொரு மைல் தொலைவில், கூடாரத்திலேயே உயிர் நீத்தனர். நவம்பர் 12ஆம் நாள் தேடிச் சென்றோர் கூடாரத்தைக் கண்டனர். வண்டியில் அக்கற்கள் அப்படியே இருந்தன.

கல்லை எறிந்திருந்தால் உயிர் பிழைத்திருப்பர் என்று கூறுவாரும் உளர். பன்னூறு இராத்தல் சுமையில் 35 இராத்தல் பெரிதன்று என்பாரும் உளர். யான் பின்னவர் பக்கமே. எண்ணெயும் வலிமையும் குறைந்தவர்க்கு அச்சுமை பொறுக்கலாகாத பெருஞ்சுமையன்று; வெறுங்கையோடு திரும்புவதே அவர்க்குப் பெருஞ்சுமையாய் இருந்திருக்கும்.

அக்கற்களை ஆராய்ந்த செவார்டு என்னும் பேராசிரியர் 1914இல் தம் முடிபை வெளியிட்டார். அவற்றிற் பதிந்திருந்தது குளோசாப்டெரிஸ் என்னும் பண்டை மரத்தின் இலை. நாக்கைப் போன்ற வடிவுடையதாதலின் அதற்கு அப்பெயர் அமைந்தது. அதே இலை நம் நாட்டு இராணிகஞ்சு நிலக்கரிப் படுகைகளிலும், தென்னாப்பிரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும், தென்னமெரிக்காவிலும் கிடைக்கின்றது. அகன்ற கடல்களுக்கு அப்பாலுள்ள நிலங்களிலெல்லாம் ஒரே மரம் வளர்ந்தது எவ்வாறு? அந்நிலங்கள் யாவும் ஒருகாலத்தில் ஒன்றாய் இணைந்திருந்தன என்பதற்கு அஃதொரு சான்றாயிற்று. அப்பெருநிலத்திற்குக் கோண்டுவானா என்று பெயர். நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நிலத்தின் பெயரே அது.

இக்காலத்தில் துருவப் பொதிகளின் இயல்பு மாறிவிட்டது. குதிரையும் நாயும் இன்று அங்குச் செல்லல் ஆகாது. 1991இல் மாட்ரிட் நகரில் பல நாட்டினரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 1994க்குள் எஞ்சிய நாய்களும் அகற்றப்பட்டன. ஆய்வாளர் தம் காலணியில் ஒட்டிய மண்ணையும் விதையையும் தட்டிய பிறகே கால் வைத்தல் வேண்டும். கொண்டு சென்ற பொருளின் கழிவும், உடைந்த பொறியும், வெற்று டப்பாவும் திரும்பக் கப்பலேறல் வேண்டும். ஆதலின் போகும் பட்டியலோடு வரும் பட்டியலும் இன்று முன்னரே எழுதப்படுகிறது.

இந்தியாவின் முதற்குழு 1981 டிசம்பரில் காசிம் என்னும் கடலறிஞர் தலைமையில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரியில் அண்டார்க்டிகாவை அடைந்தது. அதன்பின் அங்கே நாம் நிறுவிய நிலையங்களுள் 'பாரதி' 2012இல் திறக்கப்பட்டது. அதனைக் கட்டிய முறை பவர்ஸ் கண்டிருந்தால் மகிழத்தக்கது. சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டகங்கள் 134ஐக் கப்பலில் கொண்டு சென்று, அவற்றையே அடுக்கி அறைகளாக்கி, மேலே குளிர்காக்கும் போர்வை அமைத்தனர். பொதியே வீடாயிற்று, பொதி கட்டிய பெட்டியை எறிய வேண்டிய தொல்லையும் இல்லை.

இன்று அங்கிருந்து வரும் பொருள்களுள் அரியது பனிக்கட்டி. ஆண்டுதோறும் பெய்த பனி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இறுகியுள்ளது. அதனுள் அந்தந்தக் காலத்துக் காற்று சிறு குமிழிகளாய் அடைபட்டுக் கிடக்கின்றது. குழாய்போன்ற துளைகருவியால் அதனைத் தூண் தூணாக வெட்டி எடுப்பர். ஐரோப்பிய நாட்டினர் 'டோம் சி' என்னுமிடத்தில் 2004இல் 3,270 மீட்டர் ஆழம்வரை துளைத்தெடுத்த தூண், எட்டு இலட்சம் ஆண்டுகளின் காற்றைக் காட்டிற்று. ஒவ்வொரு துண்டிலும் ஆழத்தையும், எது மேற்புறம் என்பதையும் குறித்துப் பையிலிட்டு, வெப்பம் புகாத பெட்டியில் அடுக்குவர். மேல்கீழ் மாறினால் காலமே தலைகீழாகிவிடும் அன்றோ?

இப்பெட்டிகள் நிலநடுக்கோட்டின் வெம்மையைக் கடந்தே வடதிசை செல்லல் வேண்டும். சரக்குப் பெட்டகத்தின் குளிரூட்டும் பொறி ஒரு நாள் நின்றாலும் ஆயிரமாயிரம் ஆண்டுகள் நீராய் ஓடிவிடும். கல் நனைந்தால் துடைக்கலாம். முட்டை உடைந்தால் ஓடாவது மிஞ்சும். பனி உருகினால் அடைபட்ட காற்று பறந்துவிடும், பின் அதனை உறையவைத்தும் பயனில்லை. பன்னிரண்டு இலட்சம் ஆண்டுப் பழமையுடைய பனித்தூணை 2025இல் இத்தாலிய ஆய்வுக்கப்பல் ஐரோப்பாவிற்குக் கொணர்ந்தபோது, சென்டிகிரேடு அளவில் சுழிக்குக் கீழ் 50 பாகைக் குளிரைக் காக்கும் பெட்டகங்களில் வைத்தனர். கோவாவிலுள்ள நம் துருவ ஆராய்ச்சி நடுவத்திலும் சுழிக்குக் கீழ் 20 பாகையில் பனித்தூண்களைப் பாதுகாக்கும் அறை உண்டு. வெளியே கோடை வெயிலில் தென்னை நிழலை நாடி மக்கள் ஒதுங்குகையில், உள்ளே கம்பளி உடை அணிந்தவர் பனியை அறுத்துக்கொண்டிருப்பர்.

கடல் கடந்து வந்த பின்னும் அச்சம் தீர்ந்தபாடில்லை. 2017 ஏப்ரலில் கனடா நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் குளிரறை பழுதுற்றது. வடதுருவப் பகுதிகளிலிருந்து பல ஆண்டுகள் பாடுபட்டுக் கொணர்ந்த பனித்தூண்களுள் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு உருகித் தரையில் ஓடிற்று. இதனை முன்னரே எண்ணிப் பார்த்தவர்போல் டோம் சி ஆய்வினர் ஒன்று செய்திருந்தனர். வெட்டியெடுத்த தூணின் ஒரு பகுதியைக் கப்பலேற்றாமல், பனிக்குள் குடைந்த அறையில் அங்கேயே அடுக்கி வைத்தனர். அவ்வறைக்குக் குளிரூட்டும் பொறியும் வேண்டுவதில்லை.